வளைந்து கொடுக்கும் சறுக்குக் கட்டை

கடற்கரையின் காய்ந்த மணலில் நீங்கள் நடந்திருப்பீர்கள். ஒவ்வோர் அடிக்கும் கால் புதைகிறது. பத்து அடி வைப்பதற்குள் இருபது அடி நடந்த களைப்பு வந்துவிடுகிறது. அந்த மணலுக்குப் பதிலாக, இடுப்பளவு ஆழத்துக்குப் புதுப்பனி கொட்டிக் கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் வாழ்ந்த பழங்கால வேட்டைக்காரனுக்குக் குளிர்காலம் முழுவதும் இதே நிலைமைதான். அவன் கண்ட வழி எளியது. காலின் கீழே நீண்ட பலகை ஒன்றைக் கட்டிக்கொண்டான்.

இதிலுள்ள இயற்பியலைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் எடை விசை ஏறத்தாழ 690 நியூட்டன். அவருடைய இரு காலணிகளின் அடிப்பரப்பு 0.05 சதுர மீட்டர் என்றால், பனியின் மீது அவர் செலுத்தும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 13,800 நியூட்டன். 1.6 மீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் பனியில் படியும் இரு பலகைகளின் மேல் அவர் நின்றால் அழுத்தம் 2,400 நியூட்டனாகக் குறைகிறது. அதாவது ஆறில் ஒரு பங்குதான். ஆகவே அவர் புதைவதில்லை. சரிவு கிடைத்தால் சறுக்கவும் செய்கிறார்.

இந்தப் பலகைக்கு ஸ்கீ என்று பெயர். பிளந்த மரத்துண்டு என்று பொருள்படும் பழைய நார்டிக் சொல்லிலிருந்து வந்தது அது. நாம் இதைச் சறுக்குக் கட்டை என்றே அழைப்போம். இன்னொரு சொல்லையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் புல்லின் மேல் நிற்பதையும் நாம் பனி என்கிறோம். இக்கட்டுரையில் பனி என்பது வானிலிருந்து விழுந்து மலையில் குவியும் வெண்பனியையே குறிக்கும்.

பனிமலை நாடுகளில் இன்று ஒரு கடைக்குள் நுழைந்தால் நூறு வகைக் கட்டைகள் வரிசையாக நிற்கும். சில விறைப்பானவை, சில கையால் அழுத்தினாலே வளைபவை. சிலவற்றுக்கு முன்முனை மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். சிலவற்றுக்கு வாலும் அப்படியே வளைந்திருக்கும். பின்சொன்ன வகையை ‘ட்வின் டிப்’ என்பார்கள். நாம் இருமுனைக் கட்டை எனலாம். மென்மையான, விளையாட்டுக்கு இசைவான, மலையின் எப்பகுதிக்கும் பொதுவான இருமுனைக் கட்டைகளுக்கு இன்று தனி இடம் உண்டு. ஆனால் நீண்ட காலம் ‘நல்ல கட்டை’ என்றால் நீளமான, விறைப்பான கட்டை என்றே பொருள் கொள்ளப்பட்டது. அந்தக் கருத்து எப்படி வந்தது, எப்படி மாறியது என்பதைக் காண்போம்.

பிளந்த மரம்

சுவீடனின் கால்வ்த்ரெஸ்க் என்னுமிடத்தில் 1924-ஆம் ஆண்டு சதுப்பு நிலத்திலிருந்து ஒரு சறுக்குக் கட்டை கிடைத்தது. அதன் வயது 5,000 ஆண்டுகளுக்கும் மேல் என ஆய்வு காட்டியது. வட ரஷ்யாவின் விஸ் பகுதியில் கிடைத்த துண்டுகள் அதனினும் பழமையானவை, சுமார் 8,000 ஆண்டுகள். அவற்றில் ஒன்றின் முனையின் அடியில் கடமானின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. அது வெறும் அழகுக்காக மட்டும் வைத்ததாக இராது, கட்டை பின்னோக்கி வழுக்காமல் தடுக்கவும் பயன்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

பழங்கால மக்கள் தம் இடத்துப் பனிக்கு ஏற்றபடியே கட்டையைச் செய்தனர். ஸ்காண்டிநேவியாவின் சில பகுதிகளில் ஒரு கால் கட்டை நீளமாகவும், மறுகால் கட்டை குட்டையாகவும் இருந்தன. நீண்டது சறுக்குவதற்கு, அடியில் விலங்குத்தோல் ஒட்டிய குட்டையானது உந்தித் தள்ளுவதற்கு. எல்லாப் பனிக்கும் ஒரே கட்டை என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை.

மோர்கெடால் தச்சர்

நார்வேயின் டெலிமார்க் மாநிலத்தில் மோர்கெடால் என்றொரு சிற்றூர் உண்டு. 1825-ஆம் ஆண்டு அங்கே சாண்ட்ரே நோர்ஹைம் பிறந்தார். அவர் ஏழைக் குடியானவர். தச்சு வேலையும் தெரிந்தவர். பனியில் விளையாடுவதில் பெரும் பிரியம் கொண்டவர். சறுக்குக் கட்டையில் அவர் செய்த மாற்றங்கள் அதன் வரலாற்றையே திருப்பிவிட்டன.

அதுவரை கட்டைகளில் பெரும்பாலும் கால்விரல் பகுதியை மட்டும் ஒரு வாரால் கட்டுவார்கள். நோர்ஹைம் முறுக்கிய மரவேரைக் குதிகாலைச் சுற்றியும் கட்டினார். இதனால் தாவினாலும் திரும்பினாலும் கட்டை காலை விட்டுக் கழலவில்லை. அடுத்து, கட்டையைக் குட்டையாக்கினார். மூன்றாவதாக, முனையிலும் வாலிலும் அகலமாகவும் நடுவில் ஒடுங்கியும் இருக்கும்படி பக்கங்களைச் செதுக்கி, கட்டைக்கு ஓர் ‘இடை’ கொடுத்தார்.

1868-இல் தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், ஒரு போட்டி நடந்தது. 42 வயது நோர்ஹைம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம் செய்து அங்கே போய் வென்றார். நகரத்தார் வியந்தனர். புகழ் வந்தது, வறுமை போகவில்லை. 1884-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1897-இல் வடக்கு டகோட்டாவில் காலமானார்.

இன்று உலகமெங்கும் வழங்கும் ‘ஸ்லாலம்’ என்ற சொல்லும் அப்பகுதியின் பேச்சிலிருந்து வந்ததே. சரிவில் பதிந்த தடம் என்பது அதன் பொருள். அந்நாளில் இளைஞர்கள் மேட்டில் ஏறித் தாவியும், புதர்களைச் சுற்றி வளைந்தும், பாறை விளிம்பிலிருந்து குதித்தும் இறங்கினார்கள். அதில் கடிகாரம் இல்லை.

இடையின் இயற்பியல்

நடுவில் ஒடுங்கிய கட்டை ஏன் எளிதில் திரும்புகிறது? ஓர் அஞ்சலட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் அதன் ஒரு பக்கத்தை மெல்லிய உட்குழிவாக வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தை மேசைமேல் சாய்த்து வைத்தால் இரு முனைகள் மட்டும் மேசையைத் தொடும். நடுவில் இடைவெளி இருக்கும். இப்போது நடுவில் விரலால் அழுத்துங்கள். அட்டை வளைகிறது, அதன் விளிம்பு மேசைமேல் ஒரு வட்டவில்லாகப் படிகிறது. சறுக்குபவர் உடலைச் சாய்க்கும்போது பனியில் நிகழ்வதும் இதுவே. கட்டை அந்த வில்லின் வழியே தானாகத் திரும்புகிறது.

அந்த வட்டத்தின் ஆரத்தை வடிவ கணிதத்தால் காணலாம். பனியைத் தொடும் நீளத்தின் இருமடியை, இடை உள்வாங்கிய ஆழத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். தொடும் நீளம் 1.8 மீட்டர், ஆழம் 7 மில்லிமீட்டர் என்றால் ஆரம் சுமார் 58 மீட்டர். நீளம் 1.5 மீட்டராகவும் ஆழம் 20 மில்லிமீட்டராகவும் இருந்தால் ஆரம் 14 மீட்டர்தான். கட்டையை 60 பாகை சாய்த்தால் அதுவும் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். அட்டை வளைந்ததால்தான் வில் கிடைத்தது. வளைய மறுக்கும் தடித்த மரப்பலகையில் அதே வடிவத்தை வெட்டினாலும், விரலின் அழுத்தத்துக்கு அது அசையாது. இடையின் வடிவமும் கட்டையின் மென்மையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

கடிகாரம் வந்தது

சறுக்குக் கலை நார்வேயிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குப் பரவியது. அங்கே சரிவுகள் செங்குத்தானவை. பல இடங்களில் பனி இறுகிக் கிடக்கும். மரத்தின் விளிம்பு அதில் பிடிக்காமல் மழுங்கியது. சால்ஸ்பர்க் நகரத்தவரான ரூடால்ஃப் லெட்னர் 1926-இல் எஃகு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். கட்டை இப்போது பனிக்கட்டியையும் கத்திபோல் வெட்டியது.

அதே காலத்தில் போட்டிகளும் வளர்ந்தன. 1922-இல் சுவிட்சர்லாந்தின் மூரன் என்னுமிடத்தில் ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர் கம்பங்களை நட்டு, அவற்றினூடே யார் விரைவாக இறங்குகிறார் என்று கடிகாரத்தால் அளக்கும் ஸ்லாலம் பந்தயத்தை நடத்தினார். 1936-இல் சரிவுப் பந்தயங்கள் ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. மோர்கெடாலின் விளையாட்டுச் சொல் நொடிகளின் சொல்லாக மாறியது.

அமெரிக்க விமானப் பொறியாளரான ஹாவர்டு ஹெட், மரக்கட்டைகளின் குறையை உணர்ந்து, விமானத் தொழிலின் அடுக்கு முறையைக் கையாண்டார். நடுவில் மரம், மேலும் கீழும் அலுமினியத் தகடு. பல மாதிரிகள் முறிந்த பின் 1950-இல் அவருடைய கட்டை விற்பனைக்கு வந்தது. சாதாரண மக்கள் அதில் எளிதாகத் திரும்பினார்கள். 1960-இல் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் பிரான்சின் ழான் வுவார்னே உலோகக் கட்டையில் தங்கம் வென்றார். பின்னர் கண்ணாடி இழைக் கட்டைகள் வந்தன.

அடுக்கு முறையின் பயனை உணர இருவிதிகள் போதும். ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உங்கள் பிளாஸ்டிக் அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள், எளிதில் வளையும். நிறுத்திப் பிடித்து வளையுங்கள், வளையாது. தடிப்பைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஆகவே பொறியாளர் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று முடிவு செய்வதன் மூலம் கட்டையின் குணத்தையே தீர்மானிக்கிறார்.

மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயும் பந்தய வீரருக்கு விறைப்பு வேண்டும். மென்மையான கட்டை அந்த வேகத்தில் அதிரும், விளிம்பு பனியை விட்டுவிட்டுத் தொடும், பிடிப்பு போய்விடும். இது உண்மைதான். ஆனால் பந்தயத்தின் தேவை எல்லோருடைய தேவையாகவும் கொள்ளப்பட்டது. தலைக்கு மேல் கையைத் தூக்கினால் மணிக்கட்டு எட்டும் உயரமே கட்டையின் சரியான நீளம் என்ற விதி பல தலைமுறைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. மெதுவாகச் சறுக்கும் ஒருவர் அந்த நீண்ட, விறைத்த கட்டையை வளைக்கும் அளவுக்கு விசை செலுத்த முடியாது. வளையாத கட்டை திரும்பாது. குறை கட்டையில் இருக்க, பலர் தம்மையே நொந்துகொண்டார்கள்.

அகலமும் இடையும்

மாற்றம் பல திசைகளிலிருந்து வந்தது. 1965-இல் ஷெர்மன் பாப்பன் என்ற அமெரிக்கர் தம் பெண் குழந்தைகளுக்காக இரு கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். அந்த விளையாட்டுப் பொருளிலிருந்து பனிப்பலகை, அதாவது ஸ்னோபோர்டு, வளர்ந்தது. அது அகலமானது, குட்டையானது, ஆழமான இடை கொண்டது. தூள்பனியில் படகுபோல் மிதந்தது. 1980-களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனப் பொறியாளர் ரூபெர்ட் ஹூபர் அத்தகைய பலகையை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, அகலமான சறுக்குக் கட்டைக்கு வழி கண்டார்.

ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனத்தில் யூரி ஃப்ராங்கோ, பாவெல் ஷ்கோஃபிச் என்னும் இரு பொறியாளர்கள் ஆழமான இடை கொண்ட கட்டையைக் கணக்கிட்டு வடிவமைத்தனர். அது 1993-இல் எஸ்.சி.எக்ஸ். என்ற பெயரில் வந்தது. சில ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கே திரும்பின. நோர்ஹைமின் கருத்து நூறாண்டுக்குப் பின் முழு வடிவம் பெற்றது எனலாம்.

வாலும் வளைந்தது

இருமுனைக் கட்டையின் கதை இதற்குப் பக்கத்திலேயே நடந்தது. வால் உயர்ந்த கட்டைகள் முன்பே இருந்தன. 1970-களில் பனியில் நடனமாடும் கலைஞர்களுக்காக ஓலின் நிறுவனம் அப்படியொன்றைச் செய்தது. 1995-இல் ஜேசன் லெவின்தால் என்ற அமெரிக்க இளைஞர் தொடங்கிய லைன் நிறுவனம் இருமுனையும் வளைந்த குட்டைக் கட்டைகளைச் செய்தது.

ஆனால் பெரிய திருப்பம் கனடாவில் ஏற்பட்டது. மைக் டக்ளஸ், ஜே.பி. ஒக்லேர், ஜே.எஃப். கூசோன், வின்சென்ட் டோரியோன் ஆகியோர் மேடுபள்ளச் சரிவுப் பந்தயத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பந்தயத்தின் விதிகளில் அப்போது தலைகீழ்த் தாவல்களுக்குத் தடை இருந்தது. ஸ்னோபோர்டு இளைஞர்களோ தமக்கென அமைந்த பூங்காக்களில் விரும்பியவாறு சுழன்று குதித்தனர். இவர்களும் அங்கே சென்று அதையே கட்டைகளில் செய்ய முனைந்தனர். சிக்கல் வால்பகுதியில் இருந்தது. காற்றில் அரைச் சுற்று சுழன்று பின்னோக்கி இறங்கினால், தட்டையான வால் பனியில் குத்தி ஆளைக் கவிழ்க்கும்.

அவர்கள் தம் யோசனையை எழுதிப் பல நிறுவனங்களுக்குக் காட்டினர். பலர் மறுத்தனர். பிரான்சின் சாலமன் நிறுவனம் இசைந்தது. அவர்களோடு சேர்ந்து அது உருவாக்கிய ‘டென் எய்ட்டி’ என்ற கட்டை 1998-இல் விற்பனைக்கு வந்தது. 1,080 பாகை என்பது மூன்று முழுச் சுற்றுகள். பெயரே நோக்கத்தைச் சொல்லிவிட்டது. 2014-இல் சோச்சி ஒலிம்பிக்கில் இவ்வகைத் தாவல் போட்டிகள் இடம்பெற்றன.

இந்தக் கட்டையின் மென்மைக்கும் காரணம் உண்டு. மென்மையான முனை மேட்டில் மோதும்போது வளைந்து அதிர்ச்சியை ஏற்கிறது. விறைத்த முனை அந்த அடியை முழங்காலுக்கு அனுப்புகிறது. வாலை வளைத்துச் சேமித்த மீட்சி ஆற்றல் தாவலுக்கு உதவுகிறது. காலணியும் கட்டையின் நடுப்புள்ளிக்கு அருகே பொருத்தப்படுவதால் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகிறது. சுழற்சியில் ஒவ்வொரு துகளின் நிறையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் இருமடியால் பெருக்கப்படும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆகவே முனைகளில் குறையும் சில கிராம்கள் நடுவில் குறையும் பல கிராம்களுக்குச் சமம்.

இன்னொரு கருத்தும் இதனோடு சேர்ந்தது. ஷேன் மெக்கான்கி என்ற வீரர், ஆழ்ந்த தூள்பனி திடப்பொருளைவிட நீரைப் போலவே நடந்துகொள்கிறது என்று உணர்ந்து, நீர்ச்சறுக்குக் கட்டைகளைப் பனியில் பூட்டிப் பார்த்தார். வழக்கமான கட்டை நடுவில் வில்போல் உயர்ந்திருக்கும். அவர் வேண்டியதோ நடு தாழ்ந்து முனைகள் உயர்ந்த, ஆடுகுதிரையின் அடிக்கட்டை போன்ற வளைவு. வோலான்ட் நிறுவனம் 2002-இல் அதை ‘ஸ்பாட்டுலா’ என்ற பெயரில் வெளியிட்டது. இறுகிய பனியில் அது சங்கடம் தந்தது. தூள்பனியில் அற்புதமாக ஓடியது. பின்னர் வந்தவர்கள் இரண்டையும் இணைத்தனர். காலுக்கடியில் பழைய வில்வளைவு, முனைகளில் புதிய வளைவு. இன்றைய பொதுப்பயன் இருமுனைக் கட்டை இந்தக் கலப்பிலிருந்து பிறந்தது.

தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரே மலையில் ஒரே நாளில் காலையில் உறைந்த பனிக்கட்டி, உச்சியில் காற்று இறுக்கிய பனி, மர நிழலில் தூள்பனி, பிற்பகலில் கூழாய் இளகிய பனி என எல்லாம் கிடைக்கும். எல்லாவற்றிலும் முதலிடம் பெறும் கட்டை எதுவுமில்லை. ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு.

இடை அகலம் 85 முதல் 100 மில்லிமீட்டர் வரை உள்ளவை நடுத்தரமானவை. அதற்கு மேல் போனால் தூள்பனியில் மிதப்பு கூடும். ஆனால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவது தாமதமாகும். காலுக்கடியில் ஓரளவு விறைப்பும் முனைகளில் மென்மையும் இருந்தால், இறுகிய பனியில் பிடிப்பும் மேடுபள்ளத்தில் இணக்கமும் ஒருசேரக் கிடைக்கும். இரு முனைகளும் மேலெழுந்திருப்பதால் பனியைத் தொடும் நீளம் அளவுநாடாவில் காணும் நீளத்தைவிடக் குறைவு. ஆகவே பழகியதைவிடச் சற்று நீளமானதை எடுப்பதுண்டு. முழுவதும் மென்மையான கட்டையை நம்பிப் பனிக்கட்டிச் சரிவில் விரைந்து இறங்கலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, விறைப்பு கட்டையின் பண்பு. மென்மை என்பதோ கட்டைக்கும் ஆளுக்கும் இடையிலான உறவு. 80 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இணக்கமாக வளையும் கட்டை 50 கிலோகிராம் உள்ளவருக்கு மரமாக நிற்கும். விறைப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவு வைத்திருப்பதால், ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. எனவே தம் எடையையும், வேகத்தையும், எந்தப் பனியில் பெரும்பாலும் சறுக்கப்போகிறோம் என்பதையும் அறிந்த பின்னரே கடைக்குப் போக வேண்டும்.

கட்டை மனிதரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். மலை பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. மெக்கான்கி 2009-இல் இத்தாலி மலையில் ஒரு பாய்ச்சலின்போது இறந்தார். ஒக்லேர் 2014-இல் சிலியில் பனிச்சரிவில் மாண்டார். இருவரும் தம் காலத்தின் தலைசிறந்த வீரர்கள்.

கருவியை நல்லது, கெட்டது என்று சொல்லும் முன், எதற்கு நல்லது, எதைக்கொண்டு அளந்தார்கள் என்று கேட்பது அறிவியல் மாணவரின் கடமை. சறுக்குக் கட்டையை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடிகாரம் ஒன்றே அளந்தது. அந்த அளவுகோலுக்கு வெளியே நின்ற சில இளைஞர்கள் வேறு கேள்வி கேட்டபோது, மோர்கெடாலில் மேடுகளைத் தாவிய தச்சரின் விளையாட்டு திரும்பி வந்தது. அவர் செதுக்கிய இடை அதற்குச் சற்று முன்னரே முழு வடிவில் திரும்பியிருந்தது. அந்த அஞ்சலட்டையை வெட்டி அழுத்திப் பாருங்கள். அவர் கண்டது உங்கள் மேசைமேலேயே தெரியும்.